ஒத்த விசில்

தவமணி கட்டத்துக்குள் வந்து நின்றார்.

கட்டம் என்பது தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட ஒரு சதுரம். எதிரே பத்து மீட்டரில் மண்கரை. அதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஆறு இரும்புத் தகடுகள். பட்டால் பின்பக்கம் சாயும். தவமணியின் வலது தோளுக்குப் பின்னால் நான். என் கையில் டைமர். சோப்புக்கட்டி அளவு இருக்கும். பொத்தானை அழுத்திய ஓரிரு நொடியில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் கொடுத்து, அதிலிருந்து நேரத்தைக் கணக்கிடும்.

“ஆர் யூ ரெடி?” என்றேன்.

தலையசைத்தார்.

“ஸ்டாண்ட்பை.”

பீப்.

தவமணி அசையவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. கையில் பிஸ்டல் இருக்கிறது, கண் தகட்டின் மேல் இருக்கிறது, ஆள் மட்டும் புறப்படவில்லை.

பின்னால் தகரக் கொட்டகையிலிருந்து யாரோ கத்தினார்கள். “அண்ணே, அது ஒத்த விசிலுதேன்! நிப்பாட்டாதிய, எடுங்க வண்டிய!”

கொட்டகை மொத்தமும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வேடிக்கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தவறு.

துப்பாக்கி தொடாதவன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் ஆயுத உரிமம் வழங்கும் பிரிவில் கழிந்தது. எந்த ஊர் என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் அந்த மேசை ஒரே மாதிரிதான் இருக்கும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம், தற்காப்புக்கு உரிமம், அப்பா இறந்துபோனார் அவருடைய துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றுங்கள் என்று உரிமம். தற்காப்பு என்று எழுதுபவர்களில் பாதிப் பேருக்கு எதிரி கிடையாது. கல்யாண வீட்டுக்குக் காரில் வந்து இறங்கும்போது கூட ஒரு துப்பாக்கி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான தேவை இருப்பவர்கள் படிவத்தைத் தப்பாக நிரப்பி வருவார்கள். கடலைக் காட்டில் பன்றி புகுந்து ஒரு போகம் மொத்தமும் போய்விட்டது என்று ஒருவர் வந்தார். புல எண்ணுக்குப் பக்கத்தில் உட்பிரிவு எண் எழுதவில்லை. திருப்பி அனுப்பினேன். எழுதிக்கொண்டு வந்தார். இம்முறை காவல்துறை அறிக்கை காலாவதியாகியிருந்தது. திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் வரவில்லை. பன்றி எந்த முறைக்கும் காத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமதாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். எந்தத் துப்பாக்கி வந்தது, எது வரவில்லை என்று பட்டியல் சரிபார்ப்பது என் வேலை. அத்தனை துப்பாக்கிகளின் எண்ணும் எனக்கு அத்துப்படி. ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்ததுண்டா என்றால், இல்லை.

ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் என் மனைவி இறந்தாள். ஆனையூர் வீட்டில் இரண்டு நாற்காலி, ஒரு ஆள் என்று ஆயிற்று. குடும்ப ஓய்வூதியத்துக்காக அவள் பெயரைக் கொடுத்திருந்த படிவத்தைத் திருத்தப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அந்தக் கலத்துல ஒரு கோடு போட்டுக் குடுத்துருங்க சார்.”

போட்டேன். நேர்க்கோடு. ஸ்கேல் கூட வைக்கவில்லை. பழகிய கை.

கல்பட்டறை

ஜெயசீலன் என்பவர் ஒருநாள் வீடு தேடி வந்தார். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், முன்பு கருங்கல் பலகை அறுத்த ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்து, நண்பர்களோடு ஒரு சுடும் கிளப் ஆரம்பித்திருந்தார். கேஸ் குப்பி போட்டுச் சுடும் காற்றுப் பிஸ்டல். ஈயக் குண்டு மிளகு அளவு. அதற்கு உரிமம் வேண்டுமா என்று கேட்க வந்திருந்தார்.

பிஸ்டலின் விவரச் சீட்டை வாங்கிப் படித்தேன். “இந்த அளவு சக்திக்கு உரிமம் தேவையில்லை” என்றேன்.

அந்த மேசையில் இருந்த காலம் பூராவும் நான் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது. சொன்னதில் என்னவோ ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு மாட்டுத்தாவணியில் பஸ் மாறி ஒத்தக்கடையில் போய் இறங்கினேன்.

துப்பாக்கி சுடுதல் என்றால் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரு புள்ளியையே பார்த்து நிற்பது என்று நினைத்திருந்தேன். இது வேறு. இங்கே நடக்க வேண்டும், குனிய வேண்டும், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். ஒரு கட்டத்திலிருந்து நான்கு தகடு, இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்து இரண்டு தகடு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஏற்பாடு. சுற்றை ஸ்டேஜ் என்பார்கள். பட்ட புள்ளியை ஆன நொடியால் வகுத்தால் மதிப்பெண். அவசரப்பட்டால் குறி தப்பும், நிதானித்தால் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடித்தான் ஞாயிறுதோறும் அத்தனை பேரும் வந்தார்கள்.

பெரிய ஆட்கள் யாரும் இல்லை. ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுபவர் ஒருவர், பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர், தனியார் மருத்துவமனை நர்ஸ் முத்துலட்சுமி. கிளப்புக்கு மூன்று பிஸ்டல், முறை வைத்துச் சுடுவோம். உயரம், பலம், வயது எதுவும் கேட்காத விளையாட்டு. முத்துலட்சுமி இரவுப் பணி முடித்து நேராக வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே எங்கள் எல்லோரையும் தோற்கடிப்பார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே மேலூர் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். “எங்க வீட்ல குறி பாத்து எறியிறது புதுசில்ல சார். காக்கா விரட்டுறதுக்கே எங்கள வச்சிருந்தாக” என்பார்.

நான் எப்போதும் கடைசி இடம். கடைசி இடத்தில் ஒரு நிம்மதி உண்டு; கீழே தள்ள முடியாது. ஆனால் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். எனவே என்னை ரேஞ்ச் ஆபீசர் ஆக்கினார்கள். சுடுபவர் பின்னால் டைமரோடு நின்று, விதி மீறினால் நிறுத்த வேண்டிய ஆள்.

இரண்டு விதிதான் உயிர். பிஸ்டலின் வாய் எப்போதும் மண்கரையையே பார்க்க வேண்டும். நகரும்போது விரல் டிரிக்கரில் இருக்கக் கூடாது. மீறினால் அன்றைய போட்டியிலிருந்து வெளியே. எச்சரிக்கை, விளக்கம், மேல்முறையீடு எதுவும் கிடையாது. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான சட்டத்தை நான் கண்டதில்லை.

ரெண்டு விசில்

தவமணி அரசு பஸ் ஓட்டுநராக இருந்தவர். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒத்தக்கடையில் புதிய குடியிருப்பில் வீடு. பஸ் நிறுத்தத்தில் எனக்காக ஸ்கூட்டரோடு நிற்பார். ‘துணை’யை விழுங்கிவிட்டு என்னைத் ‘தாசில்தாரே’ என்று கூப்பிட்டு, அரசாங்கம் தராத பதவி உயர்வை வாரந்தோறும் தந்தார்.

குறி தப்பாதவர். ஆனால் டைமர் கத்தினால் உடனே கிளம்ப மாட்டார். முதல் தடவை இப்படி நின்றபோது ஜெயசீலன் கேட்டார், “என்னண்ணே, சத்தம் கேக்கலையா?”

“கேட்ருச்சு மாப்ள. அதேன் நின்னேன்.”

“நின்னியளா?”

“முப்பத்திரண்டு வருசமா கண்டக்டரு ஒத்த விசிலு குடுத்தா பிரேக்கு, ரெண்டு விசிலு குடுத்தா ரைட்டு. ஒங்க டப்பா ஒத்த விசிலு குடுத்துட்டு ஓடுங்குது. என் காலு எப்பிடி ஓடும்? ஆளு எறங்கவேண்டாமா?”

அன்றிலிருந்து அது கிளப்பின் நிரந்தர வேடிக்கை ஆனது. தவமணி கட்டத்தில் நின்றாலே “ரைட் ரைட்” என்று கொட்டகையில் கத்துவார்கள். அவரும் சிரிப்பார். இரண்டு நொடி தாமதம் மூன்று நொடி ஆனது. மூன்று நான்கானது. சிரிப்பும் அதற்கேற்ப நீண்டது.

ஒருநாள் முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், தவமணி அண்ணே நடக்கையில வலது கை வீசவே மாட்டேங்குது, பாத்திங்களா?”

“டிரைவர் இல்லையா? கியர் மேலயே கையை வச்சுப் பழகினவர்” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “ம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்திருந்தேன். கேள்விக்குப் பதில் போல் இருந்து, பதில் இல்லாமல் இருக்கும் வாக்கியத்தை எழுதுவது என் தொழில்.

ஏழாவது கலம்

ஆண்டுப் போட்டி வந்தது. பட்டறையின் சொந்தக்காரர் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டதால், ஆளுக்கொரு உடல்நல உறுதிமொழி வாங்கலாம் என்றார் ஜெயசீலன். “மூணு வரி போதும் சார்.”

மூன்று வரியில் ஒரு படிவமா? பன்னிரண்டு கலம் வைத்தேன். ஏழாவது கலம்: ‘வலிப்பு, மயக்கம், கை கால் நடுக்கம் ஆகியவை உண்டா? ஆம்/இல்லை.’ யாரையும் நினைத்து வைத்ததில்லை. பழைய படிவங்களில் அப்படியொன்று இருக்கும். கை தானாக எழுதிவிட்டது.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒத்தக்கடை டீக்கடையில் தவமணி என்னை உட்கார வைத்தார். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்ததும் வலது கை மேசை மேல் தனியாக வேலை பார்க்கத் தொடங்கியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், திருநீறு எடுத்துத் தேய்ப்பதுபோல, தேய்த்துக்கொண்டே இருந்தன.

“பாத்துட்டிங்கள்ல?”

“என்னத்தை?”

“தெரியாத மாதிரி கேக்காதிங்க தாசில்தாரே. மூணு மாசமாப் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கிய.” கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “நடுக்குவாதமாம். பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. சும்மா இருந்தா ஆடும், எதையாச்சும் புடிச்சா நின்னுரும். அதேன் பிஸ்டலப் புடிச்சாக் கல்லு மாதிரி இருக்கு. கையி எனக்குப் பயமில்ல. காலுதேன். சில நேரம் தரையில ஒட்டிக்கிருது. கெளம்ப மாட்டேங்குது.”

“அப்ப அந்த ஒத்த விசில்?”

“மொத நாளு வேடிக்கைக்குத்தேன் சொன்னேன். அப்புறம் பாத்தா அதுவே சவுகரியமாப் போச்சு. எல்லாரும் சிரிக்கிறாகள்ல, ஒருத்தரும் காலப் பாக்கல.”

சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்தார். எல்லாக் கலமும் நிரம்பியிருந்தது. ஏழாவது மட்டும் காலி.

“இதுல ஆமான்னு போட்டா?”

“டாக்டர் சான்றிதழ் கேப்போம்.”

“டாக்டரு குடுப்பாரா?”

“குடுக்க மாட்டார்.”

“இல்லன்னு போட்டா?”

“பொய்.”

“இந்தப் படிவத்த எழுதுனவன் எவன்யா? கட்டையில போறவன்.”

“நான்தான்.”

“தெரிஞ்சுதேன் திட்டுறேன்.”

இருவரும் சிரித்தோம். அவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

“வீட்ல வெங்காயம் உரிக்கச் சொல்றாக தாசில்தாரே. உரிக்கிறேன். ஞாயித்துக்கெழமை மட்டுந்தேன் இந்தக் கையி என் கையி. இந்த ஒரு போட்டி. நாலு ஸ்டேஜும் முழுசா முடிச்சு என் பேரு போர்டுல வந்துருச்சுன்னா, நானே பிஸ்டல மேச மேல வச்சுட்டுப் போயிருவேன். ஒங்க மேல சத்தியம். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாத வழியா?”

எனக்குத் தெரியாத வழி கிடையாது. அதுதான் கேடு.

கோடு

அலுவலகப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும்.

ஒரு கலத்தில் ‘இல்லை’ என்று எழுதினால் அது வாக்குமூலம். காலியாக விட்டால் அது குறை; படிவம் திரும்பி வரும். ஆனால் ஒரு கோடு போட்டால் அது இரண்டும் இல்லை. படிப்பவர் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வார். பிரச்சினை வந்தால், ‘நான் இல்லை என்று எழுதவில்லையே’ என்று எழுதியவர் சொல்லலாம். பொய்க்குத் தண்டனை உண்டு. கோட்டுக்கு விளக்கம்தான் கேட்பார்கள்.

“கோடு போடுங்க” என்றேன்.

“அம்புட்டுதேனா?”

“அவ்வளவுதான்.”

என் பேனாவை வாங்கினார். எழுதும்போது மட்டும் அந்தக் கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு அங்குலக் கோடு. மூன்று இடத்தில் நெளிந்து, கடைசியில் கலத்தின் ஓரத்தைத் தாண்டி எட்டாவது கலத்தில் போய் நின்றது.

அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். என் சுருக்கொப்பம் நெளியவில்லை.

கடைசி ஸ்டேஜ்

முதல் மூன்று ஸ்டேஜிலும் தவமணி தாமதமாகத்தான் கிளம்பினார். ஆனால் ஒரு குண்டு வீணில்லை. மதிப்பெண் தாளில் அவர் பெயர் நடுவில் இருந்தது. எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு மேலே வந்ததில்லை. நான்காவது ஸ்டேஜ் இந்தக் கட்டுரை தொடங்கிய இடம்.

பீப். சிரிப்பு. நான்காவது நொடியில் கை உயர்ந்தது.

டிங். டிங். டிங். டிங்.

நான்கு தகடும் சாய்ந்தன. கொட்டகை அமைதியானது. இன்னும் இரண்டுதான். அதற்கு இடப்பக்கம் மூன்று எட்டு நகர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

முதல் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டில் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போகிறது, பாதம் வரவில்லை. நான் அவருடைய கையைப் பார்த்தேன். விரல் டிரிக்கருக்குள் இருந்தது.

‘ஸ்டாப்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீளமான சொல் இல்லை. விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் எண் கூட எனக்குத் தெரியும். சொல் நாக்குவரை வந்து நின்றது. இரண்டு தகடு. இரண்டே இரண்டு தகடு. பெயர் பலகையில் ஏறிவிடும், மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், யாருக்கும் எதுவும் தெரியாது.

தடுமாறினார். விரல் இறுகியது. குண்டு தரையில் பட்டுத் தெறித்தது.

அங்கே தரை முழுக்கப் பழைய கருங்கல் சில்லு. அதை அள்ளிவிட்டு மணல் போட வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதியவனும் நான்தான். எழுதியதோடு சரி.

பின்னால் இடப்பக்கம் மதிப்பெண் எழுத நின்ற முத்துலட்சுமி ‘ஆ’ என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது: “ஸ்டாப்!”

தவமணி அப்படியே நின்றார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். குண்டுப் பெட்டியைக் கழற்றினார், காலி என்று காட்டினார், பிஸ்டலை மேசை மேல் வைத்தார். ஒரு பிசகில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் எதுவும் இல்லை. அந்த நோய் முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும் என்று பிறகு படித்தேன்.

“இந்த விசிலு கேட்ருச்சு தாசில்தாரே” என்றார்.

தீர்மானம்

முத்துலட்சுமிக்குக் கண் தப்பியது. பாதுகாப்புக் கண்ணாடியின் இடது வில்லையில் நட்சத்திரம்போல் ஒரு விரிசல். கன்னத்தில் ஒரு கீறல். கண்ணாடி இல்லையென்றால் கண் போயிருக்கும், இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால் பல் போயிருக்கும் என்று அவரே நர்ஸ் குரலில் கணித்துச் சொன்னார்.

கொட்டகையில் உடனே கூட்டம். ஜெயசீலன் படிவக் கோப்பை எடுத்தார். ஏழாவது கலத்தில் விரல் நின்றது.

“என்னண்ணே இது கோடு? சார், இது நீங்கதான சரிபாத்தது? இவுககிட்டக் கேக்கலையா?”

நான் வாயைத் திறந்தேன். தவமணி முந்திக்கொண்டார்.

“அவரு கேட்டாரு மாப்ள. ஒண்ணும் இல்லன்னு நாந்தேன் சொன்னேன். எழுதச் சோம்பப்பட்டுக் கோடு இழுத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு கோடு போட்டேன்.

“சரி, தீர்மானத்த எழுதுங்க சார்” என்றார் ஜெயசீலன்.

எழுதினேன். ‘உறுப்பினர் திரு. தவமணி தமது உடல்நிலை குறித்த உண்மையை மறைத்தமையால் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார்.’ இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். தவமணி ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அன்று நான் பிரதான சாலைவரை நடந்தே வந்தேன்.

புறப்படுமுன் முத்துலட்சுமி அந்தப் படிவத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“சார், கோடே ஆடியிருக்கு. நீங்க பாக்கலையா?”

பதில் போல் இருக்கும் வாக்கியம் எதுவும் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கோப்பில் வைக்கவும்

ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. பிறகு கடிதம் எழுதினேன். கோடு போடச் சொன்னது நான், நோய் எனக்குத் தெரியும், விரலைப் பார்த்த பிறகும் நிறுத்தத் தவறியதும் நான், தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று. ஜெயசீலன் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“விடுங்க சார். அண்ணே மேல இருக்குற பாசத்துல எழுதிருக்கிய. பெரிய மனுசன், ஒங்க மேல நாங்க என்னத்த நடவடிக்க எடுக்க?”

கடிதத்தின் மூலையில் எழுதினார்: ‘படிக்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்.’ அந்த வாசகத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எந்த மனுவையும் மறுக்காமல் கொல்லும் வாசகம். தீர்மானம் அப்படியே இருக்கிறது. டைமரை முத்துலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் பின்னால் நின்றால் ஒரு விரல் தப்பாது.

வாசற்படி

போன வாரம் தவமணி வீட்டுக்குப் போனேன். போவதற்கு இத்தனை மாதம் ஆயிற்று. அவர் மனைவி கடைக்குப் போயிருந்தார். நாற்காலியில் இருந்தபடியே கடிதக் கதையைக் கேட்டார். இப்போது இரண்டு கையும் தேய்க்கின்றன. குரல் இறங்கிவிட்டது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“கோப்புல வச்சுட்டானா? ஒங்க மருந்த ஒங்களுக்கே குடுத்துட்டான்” என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“உங்க பேர்ல அந்த வரி நிக்குது தவமணி.”

“நிக்கட்டும். நானே நின்னு போயித்தேன் கெடக்கேன்.”

நான் எழுந்ததும் வாசல்வரை வருகிறேன் என்று எழுந்தார். நன்றாகத்தான் நடந்தார். வாசற்படியில் வந்ததும் நின்றுவிட்டார். நான் தெருவில், அவர் படியில். பாதம் இரண்டும் நிலைக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தன.

“வாசல்ல அந்த ஆணியில தொங்குது, எடுங்க.”

ஒரு கண்டக்டர் விசில், சிவப்புக் கயிறு. முத்துலட்சுமி வாங்கிக் கொடுத்ததாம். மாதம் ஒருமுறை வந்து போகிறாராம். இந்த நோயில் கால் ஒட்டிக்கொண்டால் வெளியிலிருந்து தாளமாக ஒரு சத்தம் கொடுத்தால் நகரும் என்று சொல்லி, கை தட்டச் சொல்லியிருக்கிறார். கை தட்டினால் குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் இருக்கிறது என்று தவமணி மறுத்திருக்கிறார். பிறகு இந்த ஏற்பாடு: ரெண்டு விசில் கொடுத்தால் கால் கிளம்புமாம். நாங்கள் அத்தனை மாதம் எதைச் சொல்லிச் சிரித்தோமோ, அது அந்தக் காலுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது.

“ரைட் குடுங்க தாசில்தாரே” என்றார்.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். ஒன்று வந்தது. அடுத்தது வரவில்லை.

தவமணி என்னைப் பார்த்தார்.

“இது நிப்பாட்டுற விசிலு” என்றார் மெதுவாக.

தெருவில் போன ஒரு பெண் இரண்டு கிழவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாவதை ஊத எனக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது. அதுவரை அவர் படியிலேயே நின்றார்.